ஒரு வினா, பல விடைகள்

வினா ஒன்றானால் விடையும் ஒன்றே என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். பள்ளி நாட்களில் கணக்கைப் போட்டு முடித்ததும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவோம். அங்குள்ள எண்ணும் நம் எண்ணும் ஒன்றானால் மகிழ்ச்சி, வேறானால் கலக்கம். என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கமே ஆசான். "இது சரிதானா?" என்று கேட்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அத்தகைய எனக்கு, கடைசிப் பக்கம் தேவைப்படாத கணக்கு ஒன்று அறிமுகமாயிற்று. கணிதம் பயிலாத நண்பர்களும் அதைச் சுவைக்கலாம்.

வழக்கமாகச் சமன்பாட்டைக் கொடுத்து வளைகோட்டை வரையச் சொல்வார்கள். இங்கோ தலைகீழ்! வளைகோட்டின் அடையாளங்களைக் கொடுத்து, அதற்குரிய விகிதமுறு சார்பை அமைக்கச் சொல்கிறார்கள். ஒரு பல்லுறுப்புக் கோவையை மற்றொன்றால் வகுத்தால் வருவதே விகிதமுறு சார்பு. மேலே இருப்பது தொகுதி. கீழே இருப்பது பகுதி. தொலைவு செல்லச் செல்ல வளைகோடு எந்த நேர்கோட்டை நெருங்குகிறதோ, அது தொலைத்தொடுகோடு.

எடுத்துக்காட்டாக, வளைகோடு எக்ஸ் அச்சை 1, −3 ஆகிய இடங்களில் வெட்ட வேண்டும்; எக்ஸ் = 2, எக்ஸ் = −1 ஆகியவை நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடுகள்; ஒய் = 2 கிடைத் தொலைத்தொடுகோடு என்று வைத்துக்கொள்வோம்.

எக்ஸ் அச்சை வெட்டுமிடத்தில் தொகுதி பூச்சியமாக வேண்டும். ஆகவே அங்கே (எக்ஸ் − 1), (எக்ஸ் + 3) என்னும் காரணிகள். நிலைக்குத்துக் கோடுகளில் பகுதி பூச்சியமாக வேண்டும். ஆகவே அங்கே (எக்ஸ் − 2), (எக்ஸ் + 1). மேலும் கீழும் படி 2. எக்ஸ் மிகப் பெரிதாகும்போது தலைக்கெழுக்களின் விகிதத்தையே சார்பு நெருங்கும். அது 2 ஆக இருக்கத் தொகுதியை 2ஆல் பெருக்கினால் போதும்.

ஒய் = 2(எக்ஸ் − 1)(எக்ஸ் + 3) / [(எக்ஸ் − 2)(எக்ஸ் + 1)]

எக்ஸுக்குப் பூச்சியம் இட்டால் ஒய் = 3. வளைகோடு ஒய் அச்சை 3இல் வெட்டுகிறது. "இல்லை, 5இல்தான் வெட்ட வேண்டும்" என்று ஆறாவது நிபந்தனை ஒன்றையும் விதித்தால்? முன்னுள்ள 2ஐ மாற்றினால் கிடைக்கோடு நகர்ந்துவிடும். வழி உண்டு! சார்பை (எக்ஸ்² + 5) / (எக்ஸ்² + 3) என்பதால் பெருக்குங்கள். எந்த மெய்யெண்ணுக்கும் இவை பூச்சியமாகா. ஆதலால் புதிய வெட்டும் இல்லை, புதிய தொலைத்தொடுகோடும் இல்லை. எக்ஸ் பெரிதானால் இப்பெருக்கி 1ஐ நெருங்கும், கிடைக்கோடு அசையாது. எக்ஸ் பூச்சியமாகும்போதோ 5/3 ஆகி, 3ஐ 5 ஆக்கிவிடும். இவ்வாறு பூச்சியமே ஆகாத பகுதியைக் கொண்ட வளைகோடு ஒன்றை இத்தாலியக் கணித மேதை மரியா அக்னேசி 1748இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார்.

நான் 5, 3 என்று எழுதினேன். பக்கத்து இருக்கை நண்பர் 10, 6 என்று எழுதினார். சார்புகள் வேறு, வளைகோடுகளும் வேறு. ஆனால் ஆறு நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தோம், இரண்டும் சரி! யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நிபந்தனைகளே நீதிபதிகளாயின.

இன்னொன்று. தொலைத்தொடுகோட்டை வளைகோடு தொடவே தொடாது என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. முதற் சார்பில் எக்ஸுக்கு 1/3 இட்டுப் பாருங்கள். தொகுதி −40/9, பகுதி −20/9. ஒய் சரியாக 2! கிடைக்கோட்டை வளைகோடு வெட்டியே செல்கிறது. பலர் சொல்லும் பேச்சையும் ஒரு வரிக் கணக்கு மறுத்துவிடுகிறது அன்றோ?

வேலியிட்ட நிலத்திற்குள் எத்தனையோ பயிர் செய்யலாம். நிபந்தனைகள் வேலி, சார்புகள் பயிர். எனவே நண்பர்களே, அடுத்தவர் விடை நம் விடையிலிருந்து வேறுபட்டால் உடனே அடித்துவிட வேண்டாம். நம் விடையையும் அழித்துவிட வேண்டாம். இரண்டையும் நிபந்தனைகளின் முன் நிறுத்திப் பார்ப்போம். அவ்வாறு பார்க்கத் தெரிந்தவனுக்குத் துணைக்கு ஆள் இல்லை என்ற ஏக்கம் இல்லை.