மனையில் கிடந்த சில்லறை

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு ஊரில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் ஒரு மனைக்கட்டுதான். அதற்குப் பட்டா உண்டு, நான்கெல்லை உண்டு, வரி செலுத்திய இரசீதும் உண்டு. அங்கே வாழ்ந்தவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதற்கு மட்டும் எந்தப் பத்திரமும் கிடையாது. அக்குறையை ஓரளவேனும் போக்கவல்ல சான்று மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது என்பதை நாங்கள் சில ஆண்டுகளுக்கு முன்புதான் உணர்ந்தோம். அது பெரும் புதையல் அன்று, சில்லறைக் காசு.

அமெரிக்க நாட்டில் இது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. 1862ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட சட்டமொன்று, ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்வோருக்கு 160 ஏக்கர் நிலம் அளித்தது. அவ்வாறு குடியேறியவர்களுள் எத்தனையோ பேர் வறட்சியாலும் கடனாலும் வீட்டைக் கைவிட்டுப் போயினர். அவ்வீடுகள் இருந்த இடங்களில் இன்று நிலத்துக்குரியவரின் இசைவு பெற்று, உலோகங்காட்டும் கருவியோடு சிலர் நடக்கிறார்கள். வாசற்படி, கிணற்றைச் சுற்றிய இடம், துணி உலர்த்திய கொடியின் அடி, பெருமரத்து நிழல் ஆகியவையே அவர்கள் முதலில் தேடும் இடங்கள். 1909 வரை அச்சிடப்பட்ட, இறகணி சூடிய தலையுருவம் கொண்ட சென்ட் கிடைத்தால் அன்று அவர்களுக்குத் திருநாள். எங்கள் தம்பி இதனைப் படித்துவிட்டு, அத்தகைய கருவி ஒன்றை வாங்கியும் விட்டான்.

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த ஓட்டு வீடு. 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் அதன் கூரை இறங்கிவிட்டது. உடன்பிறந்தோர் நாங்கள் மூவர். தில்லியிலும் நாகபுரியிலும் பெங்களூரிலுமாகப் பிரிந்து கிடக்கிறோம். எடுத்துக் கட்ட எவருக்கும் வசதியில்லை. விற்பதென முடிவு செய்தபோது, எங்கள் தந்தையின் தமக்கை மட்டும் மனம் பொறுக்கவில்லை. "நாலு தலைமுறையாக ஒருத்தரும் வாசற்படி தாண்டிப் போகவில்லை. நீங்கள்தான் குடியைக் கலைத்தீர்கள்" என்றார் அத்தை. மறுமொழி சொல்ல எங்களால் இயலவில்லை.

எழுத்தர் வேலை பார்க்கும் கைக்குக் கோப்பில்லாமல் எதையும் தொட வராது. ஆகவே முதலில் சட்டத்தைப் பார்த்தோம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்த பொருள் எதுவாயினும், அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். சொந்த மனையாயினும் இதற்கு விலக்கில்லை. 1878இல் பத்து ரூபாய் என்பது பெருந்தொகை. இன்று ஒரு பழைய வெள்ளிக்காசே அவ்வரம்பைத் தாண்டிவிடும்.

பிறகு மனையைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரித்தோம். கட்டத்தாளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை, கிணற்றடி என வரைந்துகொண்டோம். எது எங்கே எத்தனை அங்குல ஆழத்தில் கிடைத்தது என்பதை அதில் குறித்த பின்னரே கையில் எடுப்பது என்று ஏற்பாடு. தம்பிக்கு இது வீண்வேலையாகத் தோன்றியது. காசை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டால் மிஞ்சுவது செம்பும் வெள்ளியும்தான். கிடந்த இடத்தையும் குறித்துக்கொண்டால் வீடு மிஞ்சும் என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கருவியின் வட்டில் உள்ள கம்பிச்சுருள் காந்தப்புலத்தை எழுப்புகிறது. மண்ணிலுள்ள உலோகத்தில் அது சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அதனை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. ஆணிக்கும் அணாவுக்கும் அது அதிக வேறுபாடு பார்ப்பதில்லை. இரண்டு நாள் உழைப்பில் ஒரு கூடை நிறைய ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் சேர்ந்தன; காசுகள் பதினைந்தே.

அவற்றுள் ஒன்பது திண்ணையோரத்தில் கிடைத்தன. 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஓட்டைக் காலணாக்களும், 1957இல் தசமமுறை வந்தபின் புழங்கிய நயாபைசாக்களுமே அவை. திண்ணையில் உட்கார்ந்து எழுந்தவர்களின் மடியிலிருந்து நழுவியவை போலும். தலைவாசல் நிலையின் அடியில் ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. நிலை நிறுத்தும்போது காசு வைப்பது நம் வழக்கமல்லவா? முடியில்லாத தலையோடு ஏழாம் எட்வர்டு, ஆண்டு 1907. தேய்வே இல்லை. ஆகவே வீடு 1907க்கு முற்பட்டதன்று. அதற்கு நெடுங்காலம் பிற்பட்டதாகவும் இராது. பத்திரம் சொல்லாத கட்டிய காலத்தை அந்த ஒரு காசு சொல்லிற்று.

அடுக்களைச் சுவரோரம் நான்கு அரை ரூபாய்கள், இற்றுப்போன துணியோடு ஒட்டிக் கிடந்தன. நான்கும் 1940க்குப் பின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்ட காலத்தவை. பாட்டியின் சிறுவாடாக இருக்க வேண்டும். எவரிடமும் சொல்லாமலே அவர் போய்விட்டார். எந்தச் செலவுக்கு ஒதுக்கி வைத்தாரோ என்று எண்ணியபோது எங்கள் மூவருக்கும் பேச்சு எழவில்லை.

பதினைந்தாவது காசு கிணற்றடியில் கிடைத்தது. முனை மழுங்கிய சதுரச் செப்புக்காசு. ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபுறம் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், ஒரு சென்ட், 1920. பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய குடியேற்ற நாட்டின் காசு அது. மன்னார்குடிப் பக்கத்துக் கிணற்றடிக்கு அது எவ்வாறு வந்தது?

அத்தையிடம் காட்டினோம். நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம் தாத்தாவுக்கு ஒரு தம்பி உண்டென்றும், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர் என்றும், ஒரே ஒரு முறை திரும்பி வந்து பத்து நாள் தங்கிப் போனார் என்று பெரியவர்கள் பேசக் கேட்டதாகவும் சொன்னார். "மறந்தே போயிற்றடா" என்றார். அதன்பின் குடியைக் கலைத்தவர்கள் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நாங்கள் முதலில் புறப்பட்டவர்கள் அல்லர். எங்களுக்கு முன்னரே ஒருவர் கடலையே கடந்திருக்கிறார்.

ஒரு செய்தியை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இவ்வேலை வீட்டு மனையோடு நிற்க வேண்டியது. தொல்லியல் மேடுகளிலும் கோயில் நிலங்களிலும் கருவியோடு இறங்குவது தகாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களின் கையில் மாக்கோதை, கொல்லிப்பொறை என்னும் சேரர் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. அவை நம் வரலாற்றுக்குப் பெரும் பேறு. எனினும் எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தன என்ற குறிப்பும் உடன் வந்திருந்தால் அப்பேறு பன்மடங்காகியிருக்கும்.

காசுகளின் பட்டியலை ஆட்சியருக்கு எழுதி அனுப்பிவிட்டு, அவற்றைக் கருவூலத்தில் ஒப்படைத்தோம். அவை எங்களிடம் திரும்பி வருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மனையையும் விற்றுவிட்டோம். கட்டத்தாளின் படி மட்டும் மூவர் வீட்டிலும் ஒவ்வொன்று இருக்கிறது. அந்த வீட்டைக் கண்ணால் காணாத எங்கள் பிள்ளைகள், திண்ணை எது, ரேழி எது, பாட்டி காசு வைத்த மூலை எது என்று அதில் விரல் வைத்துக் கேட்கிறார்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களுள் ஊர் மனையை விற்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பலர். விற்பதில் குற்றமில்லை. கிரயப் பத்திரத்தில் ஒப்பமிடும் முன் ஒருமுறை போய், வீடு இருந்தபடி ஒரு தாளில் வரைந்து வாருங்கள். கருவி வேண்டியதில்லை, ஓர் அளவுநாடாவும், நினைவு தப்பாத முதியவர் ஒருவரும் போதும். முதியவரிடம் முதலில் போங்கள். மனை சில நாள் காத்திருக்கும்.