நான் கட்சி மாறிய கதை

வாசகர்களே, உங்கள் வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் எதைப் பற்றிச் சண்டை போடுவீர்கள்? எங்கள் வீட்டில் டைரக்டர் ஸ்ரீதரின் படங்களைப் பற்றித்தான்!

சித்தப்பா, 1959-இல் வந்த 'கல்யாணப் பரிசு' கட்சி. "காதலியின் கல்யாணத்துக்குப் பெற்ற பிள்ளையையே பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறானே, அதற்கு ஈடு உண்டா?" என்பார்.

நான் 1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' கட்சி. "ஒரே ஓர் ஆஸ்பத்திரி. தான் காதலித்தவளின் கணவனையே காப்பாற்ற வேண்டிய டாக்டர்! அடடா!" என்று உருகுவேன்.

அக்காவுக்கோ 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'தான். "அது வெறும் சிரிப்புப் படம்தானே?" என்று ஒரு நாள் கேலி செய்தேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "உன் படத்தில் கணவன் பிழைத்துக்கொள்கிறான், இல்லையாடா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அத்திம்பேரின் கட்டிலருகே ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் அவள். வெறுங்கையோடுதான் வீடு திரும்பினாள்.

அன்றிரவு நானே அந்தப் படத்தைப் போட்டேன். நாகேஷ் கதை சொல்லச் சொல்ல, பாலையா நடுங்க நடுங்க, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று, அந்தச் சிரிப்பைக் கேட்டு!

நான் கட்சி மாறிவிட்டேன். நீங்கள் எந்தக் கட்சி?