கல்லணைக் கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

ராத்திரி எட்டரைக்கு எங்கள் தளத்தின் மாதிரித் தேர்வுப் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தேர்வெழுத உட்காரும் நேரம். காரணம் நான் எழுதிய ஒரே வரி: ‘ஆர்டர் பை ரேண்ட், லிமிட் 10’. பத்துக் கேள்வி கேட்டால் மைஎஸ்க்யூஎல் பத்தோடு நிற்பதில்லை. அட்டவணையில் உள்ள மூன்று லட்சம் கேள்விக்கும் தலைக்கு ஓர் எண் போட்டு, எண்படி வரிசை பார்த்து, முதல் பத்தைத் தருகிறது. இன்டெக்ஸ் இதற்கு உதவாது. இருநூறு பேர் ‘தொடங்கு’ பட்டனை அழுத்தினால் இருநூறு தடவை இதே கூத்து.

பத்து மணிக்கு மாற்றிவிட்டேன். ஒன்று முதல் கடைசி ஐடி வரை ஏதாவது ஓர் எண்; அந்த எண்ணிலோ அதற்கு அடுத்தோ இருக்கிற முதல் கேள்வி. இப்படிப் பத்துத் தடவை. பக்கம் சட்டென்று வந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

மதியம் ஒரு பெண் போன் செய்தார். பகலில் துணிக்கடை வேலை, ராத்திரியில் குரூப் 4 படிப்பு. “சார், முந்தாநாள் கல்லணை, நேத்தும் கல்லணை. கரிகாலன்னு கண்ண மூடிக்கிட்டுப் போட்டுடறேன். எனக்குக் கிடைக்கிறதே ஒரு மணி நேரம் சார்.”

அந்தக் கடைசி வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை.

மார்ச் 7, சனி

பிடிபட்டது. போன மாதம் பழைய நடப்பு நிகழ்வுக் கேள்விகளை நீக்கியிருந்தேன். 40,001 முதல் 52,000 வரை காலி. அந்தப் பள்ளத்தில் எந்த எண் விழுந்தாலும் கரையேறுவது 52,001-இல். அதுதான் கல்லணை.

நோட்டில் சின்னதாகப் போட்டுப் பார்த்தேன். 1, 2, 3, 10 என்று நாலே ஐடி இருப்பதாக வைத்துக்கொண்டால், 4 முதல் 10 வரை ஏழு எண்ணும் பத்தாம் கேள்விக்கே போகிறது. மற்ற மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்றுதான். எங்கள் அட்டவணையில் கல்லணைக்கு, பக்கத்தில் இடைவெளி இல்லாத ஒரு கேள்வியைவிட 12,001 மடங்கு வாய்ப்பு! வேகம் வேண்டுமென்று நியாயத்தை விட்டுவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘ஏதாவது ஒரு கட்டுரை’ என்று அழுத்துகிறோமே, அது எப்படி நடக்கிறது என்று படித்தேன். ஒவ்வொரு பக்கமும் பிறக்கும்போதே 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு தசம எண் கொடுத்து இன்டெக்ஸில் வைத்துவிடுகிறார்கள். அழுத்தியதும் புது எண் போட்டு, அதற்கு அடுத்த எண்ணுள்ள பக்கத்தைத் திறக்கிறார்கள். ஐடிகள் வரிசையாக அழிந்தாலும் அவற்றின் தசம எண்கள் எங்கெங்கோ சிதறிக் கிடப்பதால் பெரும்பள்ளம் விழாது. ஆனாலும் எண்களுக்கு இடைப்பட்ட தூரம் ஒரே சீராக இருக்காது. கட்டுரை வாசிக்க அது போதும். தேர்வுக்கு மனசு ஒப்பவில்லை.

மூன்று லட்சம் ஐடியையும் நினைவகத்திலேயே வைத்துவிட்டேன். தலைக்கு நாலு பைட். ஒன்றேகால் மெகாபைட்கூட இல்லை. ஃபிஷரும் யேட்ஸும் 1938-இல் தாளில் செய்யச் சொன்ன கலைப்பு முறைதான். பத்து இடத்தை மட்டும் கலைத்து, அந்தப் பத்து ஐடியைக் கேட்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

பத்தும் ஐடி வரிசையிலேயே வந்து நிற்கின்றன. ‘இன்’ போட்டுக் கேட்டால் நாம் கொடுத்த வரிசையை டேட்டாபேஸ் காப்பாற்றாது. நம் நிரலில்தான் திரும்ப அடுக்க வேண்டும். அடுக்கினேன்.

மார்ச் 12, வியாழன்

“போன வாரம் வந்த குறளே இன்னைக்கும் வந்திருக்கேப்பா” என்றார் அப்பா. முகப்பில் தினம் ஒரு குறள் வரும். பதறிப்போய்ப் பார்த்தேன். 1330 குறளும் இருக்கிறது, பள்ளம் எதுவும் இல்லை. தற்செயல்தான். கணக்குப் போட்டால், 44 நாளுக்குள் ஏதாவது ஒரு குறள் திரும்பி வர பாதிக்கு மேல் வாய்ப்பு.

சொன்னேன். கேட்டுக்கொண்டு, “1330-உம் முடிஞ்சப்புறம் திரும்ப வந்தா ஆகாதா?” என்றார்.

ஆகும். ஒரு தடவை மொத்தமாகக் கலைத்து, அந்த வரிசையில் நாளுக்கு ஒன்றாகக் கொடுத்தால் முடிந்தது. கேள்விகளுக்கும் இதையே செய்கிறேன்: ஆளுக்கு ஒரு கலைப்பு, விட்ட இடத்திலிருந்து அடுத்த பத்து. அந்தப் பெண்ணின் கணக்கிலிருந்து முதலில் தொடங்கினேன்.