ஏரிக்கரை ரயிலைக் கைவிடாத ஊர்கள்

ஜப்பானின் சிசுவோகா மாகாணத்தில், ககேகவா முதல் ஷின்ஜோஹாரா வரை 67.7 கிலோமீட்டர் ஓடுகிறது தென்ரியு ஹமனாகோ ரயில். பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி, டீசல் வண்டி. முழுப் பயணத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும்.

இது போரை நினைத்துப் போட்ட பாதை. முதன்மை ரயில் பாதை ஹமனா ஏரியின் முகத்துவாரத்தைக் கடலோரமாகக் கடக்கிறது. எதிரிக் கப்பல்கள் அங்கே குண்டு வீசினால் மாற்றுவழி வேண்டுமென்று, ஏரியின் வடகரையைச் சுற்றி இதைப் போட்டு 1940-இல் முடித்தார்கள்.

கிழக்கே ககேகவா பக்கம் தேயிலைத் தோட்டங்கள். சுற்றிலும் வளரும் புல்லை அறுத்துத் தேயிலைச் செடிக்கு மூடாக்குப் போடுவது அங்கே பரம்பரை வழக்கம். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் இதை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. மேற்கே ஏரியை ஒட்டிய மிக்கபியில் மலைச்சரிவெங்கும் கமலா ஆரஞ்சு.

பயணிகள் குறையவே, தேசிய ரயில்வே இந்தப் பாதையைக் கைவிட முடிவு செய்தது. மாகாண அரசும் பாதையோர ஊர்களின் நிர்வாகங்களும் உள்ளூர் நிறுவனங்களும் முதல் போட்டுத் தனிக் கம்பெனி அமைத்தன. 1987 மார்ச் 15 முதல் அந்தக் கம்பெனிதான் ரயிலை நடத்துகிறது. பழைய நிலையக் கட்டடங்கள் சிலவற்றில் இப்போது உணவகங்கள் நடக்கின்றன. காலையில் அந்த ஒற்றைப் பெட்டியில் ஏறுபவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.