நிலத்தின் கணக்கு யாருக்கு?

உழவனுக்கு விளைவு இரண்டு. களத்திலே குவிவது ஒன்று. கணக்கிலே ஏறுவது மற்றொன்று. முன்னதை விற்று வயிறு வளர்க்கிறான். பின்னதோ எந்த நிலம் எவ்வளவு கொடுத்தது, எந்த உரம் பலித்தது, எந்த மாதம் நோய் கண்டது என்று சொல்லி, அடுத்த வெள்ளாமைக்கு வழி காட்டுகிறது. இந்த இரண்டாம் விளைவு யாருக்குச் சொந்தம்? அதை யாரோடு, எந்த முறையில் பங்கிடுவது? இதுவே நாம் ஆராயப் புகும் விஷயம்.

முன்னாளில் இக்கணக்கு உழவனின் நினைவிலும் வீட்டு ஏட்டிலும் இருந்தது. இன்றோ யந்திரமே எழுதிக்கொள்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் அறுவடை யந்திரங்கள், துணைக்கோள்களின் உதவியால் தாம் நிற்கும் இடத்தை அறிந்து, அவ்விடத்துத் தானியத்தின் அளவையும் ஈரத்தையும் உடனுக்குடன் குறிக்கின்றன. அக்குறிப்புகள் கம்பெனியின் கணினிக் கிடங்கிற்குச் செல்கின்றன. டிராக்டர் ஒரு கம்பெனியாருடையது, விதைக்கும் கருவி வேறொரு கம்பெனியாருடையது என்றால் ஒன்றன் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காத நிலை இருந்தது. அதைப் போக்கவே ஐ.எஸ்.ஓ. 11783 என்னும் பொது விதி ஏற்பட்டது. யந்திரங்கள் பேசக் கற்றுக்கொண்டன; ஆயினும் கம்பெனிகளின் கிடங்குக் கதவுகள் எளிதில் திறப்பதில்லை.

பங்கிடுவதால் நன்மை உண்டா என்று கேட்போருக்கு நமது ரப்பர் மரமே சான்று. 1925-ஆம் ஆண்டில் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ரப்பர் மீது விதித்த தீர்வையே அதனை நடத்தப் பொருள் தந்தது. மரந்தோறும் பாலை அளந்தெழுதி, மிகுதியாகச் சுரக்கும் மரத்தைத் தெரிந்து ஒட்டுக் கட்டும் முறை பரவிய காலம் அது. இன்று புத்ராஜெயா நகரம் எழுந்துள்ள நிலம் அன்று பிராங் புசார் தோட்டம். அங்கே தெரிந்தெடுத்த பி.பி. 86 என்னும் இனத்தையும், ஜாவாவில் தெரிந்தெடுத்த ட்ஜிர் 1 என்னும் இனத்தையும் கலந்து பிறந்ததே ஆர்.ஆர்.ஐ.எம். 600. மலேசியாவிலும் தாய்லாந்திலும் சிறு தோட்டக்காரர் அதனை ஏராளமாக நட்டனர். ஒவ்வொரு தோட்டமும் தன் கணக்கைப் பெட்டியில் பூட்டியிருந்தால் இம்மரம் பிறந்திருக்குமா?

ஆனால் பங்கீடு என்ற பெயரால் பறிப்பும் நடக்கக்கூடும். வானிலைக் கணிப்பைக் கொண்டு பயிர்க் காப்புறுதி விற்றுவந்த கிளைமேட் கார்ப்பரேஷனை, விதை விற்கும் மான்சாண்டோ கம்பெனி 2013-இல் வாங்கிற்று. விதையும் மருந்தும் விற்பவனே நமது வயலின் வரவு செலவையும் அறிந்திருந்தால், விலை பேசும்போது நம் கை கட்டுண்டதாகாதா? இவ்வச்சத்தால் அமெரிக்க உழவர் சங்கங்களும் கம்பெனிகளும் கூடி 2014 நவம்பரில் சில கொள்கைகளை வெளியிட்டனர். வயலில் பிறக்கும் கணக்கு உழவனுடையது. அவன் சம்மதமின்றி எடுத்தலாகாது. அதைக் கொண்டு தானியச் சந்தையில் சூதாடலாகாது என்பன அவற்றுட் சில. நியூஸிலாந்து அதே ஆண்டிலும், ஐரோப்பிய விவசாயச் சங்கத்தார் 2018-லும் இத்தகைய விதிகளை வகுத்தனர். இவை யாவும் வாக்குறுதிகளே; சட்டமல்ல. ஐரோப்பாவிலோ, யந்திரத்தைப் பயன்படுத்துவோன் அதில் பிறந்த கணக்கைப் பெறவும், தான் விரும்பியவருக்கு அளிக்கவும் உரிமை தரும் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் செல்லுபடியாகிறது.

இது தூர தேசத்துச் சங்கதியன்று. செம்பனை எண்ணெயும் ரப்பரும் ஐரோப்பாவில் விலையாக வேண்டுமாயின், அவை விளைந்த நிலத்தின் இருப்பிடத்தைக் காட்ட வேண்டுமென்று 2023-இல் அங்கே சட்டம் பிறந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்துப் பொருள் கூடாது என்பது அதன் நோக்கம். அமலாகும் தேதி இருமுறை தள்ளி வைக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆனால் தன் நிலத்தின் குறிப்பைக் கொடுக்கும் சிறு தோட்டக்காரனுக்குத் திரும்ப வருவது என்ன? நல்ல விலையா? நோய் பரவுமுன் எச்சரிக்கையா? ஒன்றுமில்லையெனில் அது பங்கீடாகாது. வாரமின்றி நிலத்தைக் கொடுத்ததற்குச் சமம்.

செக்ரோல் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட யான் அறிந்தது ஒன்று: ஏடு எவர் கையிலோ, வழக்கு அவர் பக்கம் சாயும். ஒரு காலத்தில் ஏடு படிக்கும் உரிமையைச் சில குலத்தார் தமக்கே வைத்துக்கொண்டு ஏனையோரை அடக்கி வைத்தனர். அக்கொடுமையை எதிர்த்தவர் நாம். இன்று குலத்தின் இடத்தில் கம்பெனி வந்து அமர்வதைக் கண்டும் வாளாவிருக்கலாமா?

வழி நமக்குப் புதிதன்று. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு சேமிப்பால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நிலத்தைக் கூட்டாக வாங்க முடிந்தவர்க்கு அந்நிலத்தின் கணக்கைக் கூட்டாகக் காப்பது இயலாததா? சிறு தோட்டக்காரர் தனித்தனியே கையொப்பமிடாது, சங்கமாய்ச் சேர்ந்து கணக்கைத் தொகுக்கட்டும். ஆராய்ச்சிக்குத் தாராளமாகக் கொடுக்கட்டும். வியாபாரத்துக்கு நிபந்தனையோடு கொடுக்கட்டும். கொடுத்ததன் பலனைக் கேட்டு வாங்கட்டும். கையொப்பமிடுமுன் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் வேலையைப் படித்த நம் இளைஞர்கள் ஏற்பார்களாக!