மணவாழ்வும் விசாவும்

திருமணம் இருவரை ஒன்றாக்குகிறது. ஆனால், அரசுகள் வரைந்த எல்லைக்கோடுகளை அது அழித்துவிடுவதில்லை. அயல்நாட்டில் கற்கும் நம் பிள்ளைகள் அங்கேயே வாழ்க்கைத்துணையைத் தேர்ந்துகொள்ளும் இக்காலத்தில், இந்த உண்மையைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

எம் பங்கைச் சார்ந்த இளம் மருத்துவர் ஒருவர் மேற்பயிற்சிக்காக அமெரிக்கா சென்றார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பெண்ணை மணக்க விழைந்தார். திருமுழுக்குச் சான்றிதழ் பெற வந்த அவருடைய தாய், “கல்யாணம் முடிந்துவிட்டால் விசாக் கவலை தீர்ந்துவிடும் அல்லவா, சாமி?” என்று கேட்டார். மகன் அனுப்பியிருந்த தாள்களை இருவருமாக அமர்ந்து படித்தோம். விடை அத்தனை எளிதாக இல்லை.

அவரிடம் இருந்தது ஜே-1 என்னும் பரிமாற்றப் பயணியர் விசா. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை அடித்தளமாகக் கொண்டது அது. வந்து கற்றவர் தாயகம் திரும்பி, கற்றதை அங்கே பயன்படுத்தவேண்டும் என்பது அதன் நோக்கம். ஆகவே அரசு நிதி பெற்றோர், தாயகத்திற்குத் தேவையெனப் பட்டியலிடப்பட்ட துறையினர், மருத்துவ மேற்பயிற்சி பெறுவோர் ஆகிய மூவகையினரும் மொத்தம் 2 ஆண்டுகள் தாயகத்தில் வாழ்ந்த பின்னரே நிரந்தரக் குடியேற்ற உரிமையோ, எச்-1பி போன்ற வேலை விசாவோ பெற இயலும். 2024 டிசம்பரில் அத்துறைப் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டதால் பலர் விடுபட்டனர். மருத்துவருக்கும் அரசு நிதி பெற்றோருக்கும் நிபந்தனை நீங்கவில்லை.

நிபந்தனைக்கு உட்படாதவர், குடியுரிமையுள்ள துணைவரின் மனுவைக்கொண்டு, அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அது வழங்கப்படும் நாளில் திருமணமாகி 2 ஆண்டுகள் நிறைவுறாவிடில், முதலில் கிடைப்பது 2 ஆண்டுகளுக்கான நிபந்தனை உரிமையே. அதன் முடிவில், தம் இல்லறம் மெய்யானது என்று இருவரும் சேர்ந்து மெய்ப்பிக்கவேண்டும். விசாவுக்காகப் பொய்த்திருமணம் செய்வோர்க்கு 5 ஆண்டுகள்வரை சிறையும் 2,50,000 டாலர்வரை அபராதமும் உண்டு.

நிபந்தனைக்கு உட்பட்டவரை மணவுறவு மட்டும் விடுவிப்பதில்லை. துணைவருக்கோ குழந்தைக்கோ அளவுகடந்த துன்பம் நேரும் எனக் காட்டி விலக்குக் கோரலாம். உடன் சென்றாலும் துன்பம், பின்தங்கி இருந்தாலும் துன்பம் என இரண்டையும் மெய்ப்பிக்கவேண்டும். பிரிவாற்றாமை மட்டும் போதாது. தாயக அரசு மறுப்பில்லை என்று தரும் கடிதமும் மருத்துவப் பயிற்சியாளருக்கு உதவாது. மருத்துவர் குறைந்த பகுதியில் 3 ஆண்டுகள் பணியாற்ற இசைந்து விலக்குப் பெறுவது அவர்களுள் பலர் நாடிவந்த வழி. கான்ராட் திட்டம் என 1994-இல் தோன்றிய அவ்வழியில் மாநிலம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 30 இடங்களே.

படித்து முடித்ததும் அத்தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “என் பிள்ளையை இரண்டு வருஷம் என்னிடம் அனுப்பச் சட்டம் பார்க்கிறது. நானோ அதைத் தடுக்க வழி கேட்டு வந்திருக்கிறேன்” என்றார். சட்டத்தின் நோக்கத்தை அவரைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஏழை நாடு செலவிட்டு வளர்த்த அறிவு அந்நாட்டுக்கும் பயன்படட்டும் என்பது நேர்மையான எதிர்பார்ப்பே. ஆயினும் அதற்காகப் புதுமணத் தம்பதியர் ஈராண்டு பிரிந்திருக்க நேர்ந்தால், அத்துயரமும் மெய்யே. இவ்விரண்டில் ஒன்றை மறைத்துப் பேசுவது உண்மையாகாது.

எனவே, ஓலை வாசிக்கும் முன்பே விசாத் தாளையும் டி.எஸ்.-2019 படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். 2 ஆண்டு நிபந்தனை பற்றிய குறிப்பு பெரும்பாலும் அவற்றில் இருக்கும். ஐயமிருப்பின் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரை நாடுங்கள். இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பேன் என வாக்களிப்பவர்கள், வரக்கூடிய பிரிவையும் முன்னரே அறிந்து வாக்களிக்கட்டும். அறிந்து கொடுத்த வாக்கு கடலிரு கரையிலும் நிலைக்கும்.