அரைச் செக்கனை அளந்த கதை

ஒரு பொருளை அளப்பது எளிது. அப்பொருள் மாறியிருக்கின்றதா என்று அளப்பது அரிது. முன்னதற்கு ஓர் அளவுகோல் போதும். பின்னதற்கு அளவுகோலுடன் பொறுமையும் நேர்மையும் வேண்டும். பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதனைப் பல ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். எனினும், இவ்வுண்மைக்கு நான் கண்ட மிகத் தெளிவான உதாரணம் எங்கள் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்ததன்று. நான் இதுவரை ஏறிப் பார்த்தறியாத ஒரு மின்சார மோட்டார் வண்டியினால் நிகழ்ந்தது.

என் தமக்கையாரின் மகன் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்கின்றான். அவனிடம் டெஸ்லா நிறுவனத்தாரின் 'மொடல் 3' வண்டி ஒன்று உண்டு. முன் சில்லுகளுக்கு ஒன்றும் பின் சில்லுகளுக்கு ஒன்றுமாக இரண்டு மோட்டார்கள் பொருந்தியது. 2019ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அந்நிறுவனத்தார் இத்தகைய வண்டி உடையோருக்குப் புதுமையான பண்டம் ஒன்றை விற்கத் தொடங்கினர். விலை 2000 டொலர். வாங்குபவர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டியதில்லை. ஓர் ஆணிதானும் கழற்றப்படுவதில்லை. வண்டியிலுள்ள கணினிக்குரிய புதிய கட்டளைகள் கம்பியில்லா வழியாக வந்து சேரும், அவ்வளவே. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகம் பெறுவதற்கு முன்பு 4.4 செக்கன் எடுத்த வண்டி, பின்பு 3.9 செக்கனில் அவ்வேகத்தைப் பெறும் என்பது நிறுவனத்தாரின் வாக்கு.

"ஒன்றையும் மாட்டாமல் வண்டிக்கு எப்படித் தம்பி பலம் கூடும்?" என்று, மகனுடன் வாழும் என் தமக்கையார் தொலைபேசியிற் கேட்டார். கிணற்று நீரிறைக்கும் யந்திரத்தை உவமை காட்டி விளக்கினேன். யந்திரத்திற்கு வலு இருந்தும் குழாயின் வாயைச் சிறிது ஒடுக்கி வைத்தால் நீர் குறைவாகவே வரும். அவ்வாறே அந்த மோட்டார்களும் மின்சாரத்தை ஆளும் கருவிகளும் கூடுதலான மின்னோட்டத்தைத் தாங்க வல்லவை. கணினியின் கட்டளையே எல்லையிட்டு வைத்திருந்தது. காசு கொடுத்தால் அவ்வெல்லை உயர்த்தப்படுகின்றது. "எங்களுடைய குழாயைத் திறந்துவிட எங்களிடமே காசா?" என்றார் தமக்கையார். அக்கேள்விக்குப் பௌதிகவியலில் விடை இல்லை.

2021ஆம் ஆண்டுக் கோடையில் மருமகன் என்னை அழைத்தான். "மாமா, அதை வாங்கப் போகிறேன். சொன்ன அரைச் செக்கன் உண்மையாகக் கிடைக்கிறதா என்று எப்படி அளப்பது?" என்றான்.

"இன்னும் வாங்கவில்லையே, தம்பி? அப்படியானால் இப்போதே அளக்கத் தொடங்கு" என்றேன்.

இதுவே முதற்பாடம். புதிய கட்டளை ஏறியபின் பழைய வண்டி இல்லை. அதன் ஆற்றலை நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும், நினைவோ அளவுகோலாகாது. முதுகு இருக்கையில் அழுந்துவதை உடம்பு உணரும் என்பர். உண்மையே. ஆயினும் 2000 டொலர் கொடுத்த உடம்பு, கொடுத்த காசுக்கு ஏற்பவே உணரும்.

இனி, அளக்கவேண்டிய பொருளின் சிறுமையைப் பார்ப்போம். மணிக்கு 60 மைல் என்பது செக்கனுக்கு 26.8 மீற்றர். இதனை 4.4 செக்கனிற் பெறும் வண்டியின் சராசரி ஆர்முடுகல், செக்கனுக்குச் செக்கன் 6.1 மீற்றர். 3.9 செக்கனிற் பெறுமாயின் 6.9 மீற்றர். மரத்திலிருந்து விழும் மாங்காயின் ஆர்முடுகல் 9.8 மீற்றர் என்பதை நினைத்தால், இரண்டுமே பெரியவை. ஆனால் அவற்றின் வேறுபாடு 0.8 மீற்றரே. இச்சிறு வேறுபாட்டைத் திருடவும், இல்லாதவிடத்து உண்டாக்கிக் காட்டவும் வல்ல கள்வர் பலர் உளர்.

முதற் கள்வன் நமது கை. கண்ட கணத்தில் நிறுத்தற் கடிகாரத்தை அழுத்த ஏறத்தாழ 0.2 செக்கன் செல்லும். அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவினதன்று. ஊசலின் காலத்தை அளக்கும்போது இருபது அலைவுகளுக்கு நேரங் குறித்து இருபதால் வகுத்து இவ்வழுவைக் குறைக்கின்றோம். இத்தாலிய அறிஞர் கலிலியோ, விழும் பொருளின் வேகத்தை அளக்க இயலாதிருந்தமையால், சாய்ந்த மரத்தவாளிப்பில் உருண்டையை உருட்டி இயக்கத்தை மெதுவாக்கினார்; பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்தார்; அதனை நூறு முறை செய்து பார்த்ததாக 1638இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். மோட்டார் வண்டியை மெதுவாக்கினால் அளக்கவேண்டிய பொருளே மறைந்துபோம். ஆகவே, செய்மதிகளின் அலைகளைப் பெற்று, அவற்றின் அதிர்வெண் மாறுபாட்டினால் வேகத்தைக் கணிக்கும் கையடக்கக் கருவியொன்றை வாங்குமாறு சொன்னேன். அது செக்கனுக்குப் பத்து முறை வேகத்தைக் குறிக்கும்.

இரண்டாங் கள்வன் ஓர் அடி நீளம். அமெரிக்காவில் நேர்கோட்டு ஓட்டப் பந்தயத் தடங்கள் உண்டு. தொடக்கக் கோட்டில் ஓர் ஒளிக்கற்றை தடத்தைக் குறுக்கிட்டுச் செல்லும். வண்டியின் முன் சில்லு அதனை மறைத்து நிற்கும். சில்லு நகர்ந்து ஒளி மீண்டும் தோன்றும்போதுதான் மணிக்கூடு ஓடத் தொடங்கும். அதற்குள் வண்டி ஏறத்தாழ ஓர் அடி சென்றுவிடும். இவ்வழக்கத்தையொட்டி, அந்நாட்டு மோட்டார்ச் சஞ்சிகைகள் பல, முதல் ஓரடிக்குச் செல்லும் நேரத்தைக் கழித்தே கணக்குச் சொல்லி வந்துள்ளன. கணக்கிட்டுப் பார்த்தால் அந்த ஓரடி ஏறத்தாழ 0.3 செக்கனை விழுங்குகின்றது. முன்னைய அளவைக் கழிக்காமலும் பின்னைய அளவைக் கழித்தும் ஒருவர் சொன்னால், விற்பவர் வாக்களித்த அரைச் செக்கனில் ஐந்தில் மூன்று பங்கு, வண்டியில் எதுவும் மாறாமலே கிடைத்துவிடும்!

மூன்றாங் கள்வன் நிலம். நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் சரியும் வீதியைக் கண் மட்டமென்றே கொள்ளும். அதன்மீது இறங்கி ஓடுவதற்கும் ஏறி ஓடுவதற்குமிடையே ஏறத்தாழ 0.14 செக்கன் வேறுபாடு உண்டு. நான்காங் கள்வன் பாரம். அவ்வண்டியின் நிறை ஏறத்தாழ 1850 கிலோகிராம். 75 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் கூட ஏறினால் 0.17 செக்கனளவு தாமதமாகும். ஐந்தாங் கள்வன் பற்றரி. நிறைய மின்னேற்றிய பற்றரி கூடுதலான வலுவைத் தரும்; மின்னேற்றம் குறையக் குறைய வலுவும் குறையும்; குளிர்ந்த பற்றரியும் வலுக் குன்றும்.

இத்தனை கள்வரையும் தனித்தனியே பிடித்துக் கட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. இரு நாளும் ஒரே தடம், ஒரே திசை, ஒரே சாரதி, ஒரே மின்னேற்றம், ஒரே ரயர்க்காற்று, ஏறத்தாழ ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொண்டால், சரிவினால் வரும் வழு இரு அளவுகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அது தானே ஒழியும். மாறாதவற்றை மாறாமல் வைத்திருந்தால், மாறியது தானாக வெளிப்படும்.

"பொது வீதியில் இதைச் செய்தால் இனி உன்னோடு பேசமாட்டேன்" என்று தாய் மகனிடம் சொல்லிவிட்டார். பொதுமக்கள் கட்டணஞ் செலுத்தித் தம் வண்டிகளை ஓட்டிப் பார்க்கத்தக்க கால் மைல் நீளத் தடமொன்றுக்கு அவன் சென்றான். வாங்குமுன் ஒரு மாலையில் ஐந்து ஓட்டம். வாங்கியபின் அடுத்த வாரம் மற்றொரு மாலையில் ஐந்து ஓட்டம். தடத்துக்கு அப்பாலிருந்து கணக்கெழுதியவன் அவனுடைய பதின்மூன்று வயது மகன். அவனுடைய கொப்பியின் முதற்பக்கத்தில் என் சொற்படி ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: ஓர் ஓட்டத்தை நீக்குவதாயின், கருவியிலுள்ள எண்ணைப் பார்க்குமுன்பே நீக்கவேண்டும்.

இரண்டாம் மாலையில் நான்காவது ஓட்டம் மந்தமாக அமைந்தது. தந்தை எண்ணைப் பார்த்தான். "என் கால் சரியாக அழுத்தவில்லை. இதை விட்டுவிடுவோம்" என்றான்.

"எண்ணைப் பார்த்த பிறகுதானே சொல்கிறீர்கள், அப்பா? முதல் நாளும் ஒன்று இப்படித்தான் வந்தது. அன்றைக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்றான் மகன்.

என் மருமகன் பொய்யுரைக்கும் இயல்பினனல்லன். கால் சரியாக அழுத்தாமலும் இருந்திருக்கலாம். ஆனால் முதல் நாள் மந்தமான ஓட்டம் அவனுக்கு உவப்பாயிருந்தது. இரண்டாம் நாள் அதே மந்தம் கசப்பாயிருந்தது. நாம் விரும்புவதற்கு மாறான எண்களையே ஐயுறுவதும், விரும்பிய எண்களை வினவாமல் ஏற்பதும் மனிதர்க்கு இயல்பு. சரிவையும் பாரத்தையும் கழித்தல் ஒழிக்கும். இக்கள்வனை எந்தக் கழித்தலும் ஒழிக்காது. அவனைப் பிடிக்க, முன்னரே எழுதிவைத்த விதியும், அவ்விதியைத் தந்தைக்கும் நினைவூட்டத் துணிந்த ஒரு பிள்ளையும் வேண்டும்.

தந்தை சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எழுது" என்றானாம். இதனை எனக்குச் சொன்னவனும் அவனே.

அந்த ஓட்டத்தை நீக்கியிருந்தால் அரைச் செக்கன் முழுமையாகக் கிடைத்திருக்கும். சேர்த்துக்கொண்டமையால் அரைச் செக்கனுக்குச் சிறிது குறைவாயிற்று. ஆயினும், அந்த மந்தமான ஓட்டங்கூட முதல் நாளின் மிக விரைவான ஓட்டத்தை வென்றிருந்தது. ஆதலின் வண்டி உண்மையாகவே மாறியிருந்தது என்பதில் ஐயமில்லை. குறைந்துபோன சிறு பங்கு வண்டியின் குறையா, அன்றிக் காலின் குறையா என்பதைப் பத்து ஓட்டங்கள் சொல்லமாட்டா. "குறைந்ததற்குக் கொஞ்சக் காசைத் திருப்பித் தருவார்களோ?" என்பது என் தமக்கையாரின் கேள்வி.

அவ்வரைச் செக்கன் 2000 டொலர் பெறுமா என்பதையும் எந்தக் கருவியும் சொல்லாது. தமக்கையார் பெறாது என்கிறார். மருமகன் பெறும் என்கிறான். எவ்வளவு கிடைத்தது என்பது அளவையின் வேலை. அது வேண்டுமா என்பது வீட்டாரின் வேலை. முன்னதைச் சரியாக அறிந்தபின் பின்னதைப் பற்றி வாதிடுவதே முறையாகும். அவர்கள் இப்போது வாதிடுவது அறிந்த ஒன்றைப் பற்றி. அதனாற்போலும், அவ்வாதத்திற் கோபம் இல்லை.

மின்சார வண்டி இல்லாத வீடுகளிலும் இப்பரிசோதனைக்கு இடமுண்டு. தோட்டத்துக்குப் புதிய பசளை வாங்குகின்றோம். பிள்ளையைப் புதிய தனியார் வகுப்புக்கு அனுப்புகின்றோம். மின்சாரச் செலவைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட விளக்குகளை மாட்டுகின்றோம். சில மாதங்கள் சென்றபின் "பரவாயில்லை, முன்னேற்றந்தான்" என்கின்றோம். எதிலிருந்து முன்னேற்றம் என்று கேட்டால் விடையில்லை. பழைய நிலையை எவரும் குறித்து வைக்கவில்லை. பசளை இடாத பாத்தி ஒன்றை ஒதுக்கிவைக்கவும், சென்ற தவணைப் புள்ளிகளையும் பழைய மின்கட்டணப் பற்றுச்சீட்டுகளையும் காத்துவைக்கவும் 2000 டொலர் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். அக்கொப்பியைக் காசு கொடுக்குமுன் எடுக்க வேண்டும். கணக்கெழுதும் பொறுப்பை வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும்.